கீரிமலைக்காரன் மலை ஏறிய கதை

சிவனொளிபாதமலை ஏறி இறங்கி வீடு திரும்பி நான்கு நாளாகிறது. இன்னும் படியிறங்குவதென்றால் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகத்தான் இறங்குகிறேன். நின்றுகொண்டு செய்யக்கூடிய வேலை எதுவும் இப்போதைக்கு முடியாது என்பதால் எழுத உட்கார்ந்தேன்.

பெப்ரவரி 20, வியாழன் – அட்டன்

யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது. மலை என்று பெயர் வைத்த இடம் உண்டு, கீரிமலை. கடலோரத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் திட்டு, அதன் அடியில் நன்னீர்க் கேணி, பக்கத்தில் நகுலேஸ்வரம். கீரி முகத்தோடு வந்த முனிவர் ஒருவர் அங்கே தீர்த்தமாடிச் சாபம் நீங்கினார் என்கிறது தலபுராணம். சைக்கிளில் போனால் அங்கே ஏற்றம் ஒன்று இருப்பதாகவே காலுக்குத் தெரியாது. அதற்கு அரை மைல் தள்ளிப் பிறந்தவன் நான். நாற்பத்தாறு வயதுவரை நான் ஏறிய பெரிய உயரம் தண்ணீர்த் தாங்கி.

அட்டனில் இறங்கும்போது பின்னேரம் நாலு மணி. மழை என்றும் சொல்ல முடியாது, பனி என்றும் சொல்ல முடியாது, சட்டையில் படிந்து நனைக்கிற ஏதோ ஒன்று. பேராதனையில் என்னோடு படித்த செல்வா குடையோடு நின்றான். இப்போது புவியியல் ஆசிரியர். கடையில் உளுந்து வடை நாலு, இரண்டு பிளேன்டீ, 320 ரூபா. வடை நன்றாக இருந்தது. பிளேன்டீ? தேயிலை விளைகிற ஊரில் குடிக்கக் கிடைப்பது தூள். நல்லது எல்லாம் கப்பலேறிவிடும் என்று கடைக்காரர் தானாகவே சொன்னார், நான் ஒன்றும் கேட்கவில்லை. என் முகம் கேட்டிருக்க வேண்டும்.

அட்டன் என்ற பெயரே ஸ்கொட்லாந்து. தோட்டம் திறந்த துரைமார் தங்கள் ஊர்ப் பெயர்களைப் பெட்டியில் கொண்டுவந்து இங்கே இறக்கிவைத்தார்கள். நோர்வூட், காசல்ரீ என்று பஸ் பலகைகளை வாசித்துக்கொண்டே போனால் எந்தத் தீவில் இருக்கிறோம் என்று சந்தேகம் வரும்.

செல்வாவின் வீடு நோர்வூட் போகிற வழியில் ஒரு தோட்டத்தில். லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டின் கடைசிக் காம்பராவை இடித்துக் கொஞ்சம் பெருப்பித்திருக்கிறார்கள். அவனுடைய அம்மா அப்போதுதான் பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. குளிருதா?"

"இல்லை அம்மா, பரவாயில்லை" என்றேன், பல் கிட்டிக்கொண்டு. "நீங்கள் இருங்கோ, களைச்சுப்போய் வந்திருக்கிறியள்."

என் 'இருங்கோ'வைக் கேட்டு அவருக்குச் சிரிப்பு. இன்று எங்கே வேலை என்று பேச்சுக்காகக் கேட்டேன். "ஒம்பதாம் நம்பர் மலைங்க" என்றார். அது எந்த மலை, என்ன உயரம் என்று நான் கேட்க, செல்வா தலையில் கை வைத்துக்கொண்டான். அம்மா எழுந்து வந்து கதவடியில் நின்று லயத்துக்குப் பின்னால் இருந்த தேயிலைச் சரிவைக் காட்டினார். தோட்டத்தில் மலை என்றால் அதுதான். ஒவ்வொரு தேயிலைத் துண்டும் ஒரு மலை, ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பிரட்டுக் களத்தில் கங்காணி நம்பரைச் சொல்வார், அந்த மலைக்குப் போக வேண்டும். முப்பத்திரண்டு வருடமாக அம்மா தினமும் மலைக்குப் போய்வருகிறார். வாழ்நாளில் முதல் தடவையாக மலையேறப் போவதாக நான் அவரிடம் பெருமையடித்துவிட்டேன்.

இரவுக்குக் கோதுமை மா ரொட்டி, கட்டசம்பல், நெத்தலிக் கருவாட்டுக் குழம்பு. ஐந்து ரொட்டி சாப்பிட்டேன். ஆறாவதுக்கு அம்மா கேட்காமலே போட்டார். சிவனொளிபாதத்துக்குப் பதினொரு தடவை போயிருக்கிறாராம். அவர் சொன்ன விதிகள் இரண்டுதான்: ஏறும்போது "இன்னும் எவ்வளவு தூரம்" என்று கேட்கக் கூடாது, "களைப்பா இருக்கு" என்று வாயால் சொல்லக் கூடாது.

பெப்ரவரி 21, வெள்ளி – மஸ்கெலியா, நல்லதண்ணி

மஸ்கெலியாவுக்குப் போகிற பஸ்ஸில் வலப்பக்கம் இருக்கை கிடைத்தது அதிர்ஷ்டம். மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் நெடுகக் கூடவே வந்தது. பழைய மஸ்கெலியா நகரம் இந்தத் தண்ணீருக்குள் இருக்கிறது. 1960களில் அணை கட்டியபோது ஊரை மேலே தூக்கி வைத்தார்கள், கடைவீதியும் வழிபாட்டிடங்களும் கீழே போயின. கடும் வறட்சியில் நீர் இறங்கினால் பழைய கோயில் தலை காட்டும், சனம் போய்ப் பார்த்துவிட்டு வரும். இன்று நீர் நிறைய இருந்தது. அடுத்த இருக்கை ஐயா ஜன்னலுக்கு வெளியே விரலை நீட்டி, "அந்தா, அங்கதான் எங்க அப்பா கட வச்சிருந்தாரு" என்றார். விரல் காட்டிய இடத்தில் ஒரு கொக்கு நின்றது.

நல்லதண்ணி என்பது அடிவார ஊரின் பெயர். ஊர் பெயர் ஒன்றை அகராதி பார்க்காமல் புரிந்துகொண்டது நேற்றிலிருந்து இதுவே முதல் தடவை.

அறை 3,500 ரூபா. சுடுதண்ணீர் உண்டு என்று பலகை சொன்னது, குழாய் மறுத்தது. வரவேற்பில் இருந்த பையனுக்கு இருபது வயது இருக்கலாம். என் அடையாள அட்டையை வாங்கிப் பதிவேட்டில் எழுதிக்கொண்டே, "யாழ்ப்பாணத்துல எங்கண்ணே?" என்றான்.

"கீரிமலை."

அவன் பேனையை நிறுத்தினான். "அங்கயும் மலை இருக்கா? எவ்வளவு உயரம்ண்ணே?"

செல்வா முந்திக்கொண்டு, "தென்னை மரத்தைவிடக் கொஞ்சம் தாழ்வு" என்றான். பையன் நம்பவில்லை. மலை இல்லாத இடத்துக்கு எவனாவது மலை என்று பெயர் வைப்பானா என்பது அவன் வாதம். பிறகு எங்களுக்கு ஆறுதலாகவோ என்னவோ, "இலங்கையிலேயே பெரிய மலை இதுதாண்ணே" என்று மேலே காட்டினான். மேலே முகில் மட்டும் இருந்தது.

புவியியல் ஆசிரியரிடம் இதைச் சொல்லலாமா? சாப்பாட்டு மேசையில் பாடம் தொடங்கிவிட்டது. சிவனொளிபாதமலை 2,243 மீற்றர். பிதுருதலாகலை 2,524. அதற்கு அடுத்தவை ஹோர்ட்டன் சமவெளிப் பக்கமுள்ள கிரிகல்பொத்தை, தொட்டுபொல. நம்முடைய மலை முதல் மூன்றுக்குள்கூட வராது.

"அப்ப ஏன் சார் அங்க ஒருத்தரும் போறதில்ல?" என்று பையன் கேட்டான். அந்த நாலு நாளில் நான் கேட்ட மிகச் சிறந்த கேள்வி அது.

செல்வா ஒரு சோற்றுக் கோப்பையைக் கவிழ்த்து அதன்மேல் உப்புக் குப்பியை வைத்தான். இதுதான் பிதுருதலாகலை. நுவரெலியா ஊரே 1,868 மீற்றரில் கிடக்கிறது, அதன்மேல் மலை இன்னும் 650 மீற்றர்தான் எழும்புகிறது. உயரமான மேசையில் நிற்கிற குள்ளன். பிறகு மிளகாய்த்தூள் குப்பியை எடுத்து மேசை விளிம்பில் தனியாக வைத்தான். இது சிவனொளிபாதம். மத்திய மலைநாட்டின் தென்மேற்கு விளிம்பில், கூம்பாக, தோளுக்குத் தோள் கொடுக்க யாருமில்லாமல் நிற்கிறது. அந்தப் பக்கம் இரத்தினபுரித் தாழ்நிலம். அங்கிருந்து பார்த்தால் இரண்டாயிரம் மீற்றர் ஒரே தூக்கு. கடலில் வருகிறவன் கண்ணுக்கு முதலில் படுவது இதுதான். கண்ணில் பட்டதற்குத்தானே பெயர் வைப்பார்கள்?

இவ்வளவும் நடக்கும்போது என் போஞ்சிக் கறி ஆறிவிட்டது. சோறு, பருப்பு, போஞ்சி, கருவாட்டுப் பொரியல், ஆளுக்கு 550 ரூபா. பருப்பு மட்டும் இரண்டாம் தடவை கேட்டேன், காசு எடுக்கவில்லை.

பெப்ரவரி 22, சனி – மேலே

வெள்ளி இரவு பதினொன்றரைக்குத் தொடங்கினோம். வார இறுதியில் போகாதே என்று அம்மா சொன்னதைச் செல்வா கேட்டிருக்க வேண்டும். மார்கழிப் போயா என்கிற பௌர்ணமியில் தொடங்கி வெசாக் பௌர்ணமி வரை பருவகாலம். அந்த மாதங்களில் படி நெடுக விளக்கு எரியும். அடிவாரத்தில் நின்று பார்த்தால் இருட்டுக்குள் ஒரு மின்விளக்குச் சரம் மேலே போய், வளைந்து, பிறகு நட்சத்திரம் எது விளக்கு எது என்று பிரிக்க முடியாத இடத்தில் முடிகிறது. அதைப் பார்த்ததும் முழங்கால் தானாகவே ஒரு தடவை மடிந்தது.

மகர தோரணம் தாண்டி, யப்பானியத் துறவிகள் கட்டிய வெள்ளைத் தாதுகோபுரம் தாண்டி, சீத கங்குல. அந்த ஓடையில் முகம் கழுவிவிட்டு ஏற வேண்டும் என்பது முறை. கழுவினேன். அதன்பிறகு இரண்டு மணித்தியாலத்துக்கு மூக்கு இருக்கிற உணர்வே இல்லை.

படிகள் ஐயாயிரத்துக்கு மேல். ஐயாயிரத்து இருநூறு என்பார்கள், ஐயாயிரத்து ஐந்நூறு என்பார்கள். நான் எண்ணத் தொடங்கி நானூறில் விட்டேன். தேநீர்க் கடைகளை வைத்துக் கணக்குப் பண்ணுவது சுகம்: அடியில் பிளேன்டீ 60 ரூபா, நடுவில் 100, உச்சிக்குக் கிட்ட 150. விலை ஏறுவதில் நியாயம் இருக்கிறது, ஒவ்வொரு சீனிப் பையையும் ஒருவர் முதுகில் தூக்கி வந்திருக்கிறார். சிமெந்துப் படியில் நான் கைத்தடியோடு திணற, தலையில் எரிவாயுச் சிலிண்டரோடு ஒருவர் என்னைத் தாண்டிப் போனார். வழி விட்டதற்கு நன்றியும் சொன்னார்.

இந்திகட்டுபானையில் முதல் தடவை வருகிறவர்கள் ஊசியும் நூலும் வைத்து வணங்கி, நூலைக் கைப்பிடி நெடுக இழுத்துக்கொண்டே போகிறார்கள். ஆயிரக்கணக்கான வெள்ளை நூல் சிக்கிப் பின்னி, விளக்கு வெளிச்சத்தில் மலைக்கு நரை விழுந்ததுபோல் இருந்தது. நானும் ஒரு நூல்கண்டு வாங்கினேன். என் நூல் எட்டாவது படியில் அறுந்தது.

மேலே ஏறுகிறவர்களைப் பார்த்து இறங்குகிறவர்கள் "கருணாவய்" என்கிறார்கள். பதிலுக்கு நாமும் சொல்ல வேண்டும். யாரென்றே தெரியாத ஐந்நூறு பேரிடம் ஒரே இரவில் கருணை சொல்லியும் கேட்டும் ஏறியிருக்கிறேன். பஸ்ஸில் சீட்டுக்குச் சண்டை பிடிக்கிற அதே சனம்தான் இது.

மூன்று மணியளவில், மகாகிரிதம்பை என்கிற செங்குத்துப் பகுதிக்குக் கீழே, வரிசை நின்றுவிட்டது. கூட்டம். பத்து நிமிடத்துக்கு ஒரு படி. காற்று கழுத்துக்குள் கத்தி வைத்தது. எனக்கு முன்னால் வெள்ளைச் சேலையில் ஒரு சிங்களப் பாட்டி, குருநாகல் பக்கமாம். எனக்குப் பின்னால் அக்கரைப்பற்றிலிருந்து வந்த முஸ்லிம் பெரியவர் ஒருவர், இரண்டு மருமக்களோடு. வாய் இருக்கிறவன் குளிரில் சாகமாட்டான் என்பார்கள், நாங்கள் பேசத் தொடங்கினோம்.

பாட்டிக்கு இது ஸ்ரீபாதம், சமனல கந்த. புத்தர் கால் பதித்த இடம், காவல் சமன் தெய்வம். மகாவம்சம் சுமனகூடம் என்கிறது. சமனல என்றால் வண்ணத்துப்பூச்சி என்றும் பொருள். அவை கூட்டமாக இந்தப் பக்கம் வந்து உயிர் விடும் என்று பாட்டி சொன்னார். பெரியவருக்கு இது பாவாத மலை. சுவர்க்கத்திலிருந்து இறக்கப்பட்ட ஆதம் நபி முதலில் கால் ஊன்றிய இடம். போர்த்துக்கீசர் பிக்கோ த ஆதம் என்றதும், ஆங்கிலேயர் ஆடம்ஸ் பீக் என்றதும் அரபு மாலுமிகளின் அந்தக் கதையிலிருந்துதான். போர்த்துக்கீசரில் சிலர் அது புனித தோமையாரின் பாதம் என்றும் சொல்லிப் பார்த்தார்கள், ஒட்டவில்லை. எங்களுக்குச் சிவன் ஒளி பாதம். 'சமனல', 'சிவனொளி' இரண்டையும் அந்தக் குளிரில் வாய்க்குள் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். பல் கிட்டும்போது இரண்டும் ஒரே சத்தமாகத்தான் வருகிறது. மொழியியல் முடிவு அல்ல, குளிரின் முடிவு.

பெரியவர் பழைய காலப் பயணி இப்னு பதூதாவைப் பற்றிக் கேட்டார். எனக்குத் தெரிந்த விஷயம்! 1344இல் அந்த மொரோக்கோக்காரர் புத்தளப் பக்கம் கரை இறங்கியபோது வரவேற்றது எங்கள் ஆரியச்சக்கரவர்த்தி. யாழ்ப்பாணத்து அரசர், பாரசீகம் புரிந்தவர். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, ஆதமின் பாதத்தைத் தரிசிக்க வேண்டும் என்றாராம். அரசர் பல்லக்கும், வருடாவருடம் அங்கே யாத்திரை போகிற யோகிகளைத் துணைக்கும் கொடுத்து அனுப்பினார். கடலில் வரும்போதே இந்த மலை புகைத்தூண்போல வானில் நின்றதாக எழுதிவைத்திருக்கிறார். மேலே போக இரண்டு வழி, ஒன்று பாபா வழி, மற்றது மாமா வழி. அங்கே பாபா ஆதம், மாமா ஏவாள். மாமா வழி லேசு, ஆனால் அதில் போனவனை யாத்திரை போனவனாகவே மதிக்கமாட்டார்கள். பாபா வழியில் பாறையில் சங்கிலி பிடித்து ஏற வேண்டும்.

"அந்தக் காலத்துல ஒங்கட ராசா பல்லக்குக் குடுத்தாரு. ஒங்களுக்கு என்ன குடுத்த?" என்று ஒரு மருமகன் கேட்டான். அரசாங்கத்தின் சி.ரி.பி. பஸ் என்றேன்.

அப்போதுதான் நான் விதியை மீறினேன். "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று பாட்டியிடம் கேட்டுவிட்டேன். பாட்டி பதில் சொல்லவில்லை. பையைத் திறந்து சித்தாலேபத் தைல டப்பாவை எடுத்து, குனிந்து, என் கெண்டைக்காலில் தானே தேய்க்கத் தொடங்கினார். என்னைவிட இருபத்தைந்து வயது மூத்த மனுசி. நான் பதறிப்போய்க் காலை இழுக்க, பின்னால் நின்ற பெரியவரின் விரலை மிதித்தேன். அவரும் "கருணாவய்" என்றார்.

சூரியோதயத்துக்கு உச்சியில் நிற்க வேண்டும் என்பதுதான் எல்லாருடைய கணக்கும். எங்களுடைய கணக்கு ஏறத்தாழ இருநூறு படியால் தவறியது. ஆறரை மணிக்குச் சற்று முன்னால், வரிசையில் நின்றபடியே, கிழக்கே முகில் கடலுக்குமேல் சிவப்புக் கோடு ஒன்று கிழிந்தது. மேலே "சாது, சாது" என்று சத்தம் எழும்பியது, கூடவே எங்கள் வரிசையிலிருந்து "அரோகரா". ஆனால் மலையின் நிழல் விழுவது மேற்குப் பக்கம். அதற்கு உச்சியில்தான் நிற்க வேண்டும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நிழல் குறுகி அடிவாரத்துக்கு வந்துவிட்டது, முகிலில் ஒரு நீல முக்கோணத்தின் வால் மட்டும். எந்த மலையின் நிழலும் தூரம் போகப் போக ஒடுங்கித்தான் தெரியும், ஆகவே முக்கோணம் அதிசயமில்லை என்று செல்வா விளக்கினான். அந்த நேரத்தில் எனக்கு அது தேவைப்படவில்லை.

பாதத்தை மூடி வைத்திருக்கிறார்கள். உண்மையான சுவடு பாறைக்கு அடியில் இருக்கிறது, மேலே தெரிவது அதன் பெரிய வடிவம் என்பது நம்பிக்கை. ஆறடி அளவு. பட்டுத் துணிக்குமேல் நெற்றியை வைத்து எடுக்க மூன்று விநாடி தருகிறார்கள். வெளியே மணி. எத்தனை தடவை ஏறினாயோ அத்தனை அடி. பாட்டி பதினேழு அடித்தார். நான் ஒன்று. அதுவும் கயிறு வழுக்கிச் சத்தம் சரியாக வரவில்லை. வெட்கத்தோடு இரண்டாவது அடிக்கலாமா என்று பார்த்தேன், பாட்டி விரலை ஆட்டினார்.

இறக்கத்தைப் பற்றி எழுதப் போவதில்லை.

பெப்ரவரி 23, ஞாயிறு – நூரளை

நுவரெலியாவைத் தோட்டத்துப் பழைய ஆட்கள் நூரளை என்கிறார்கள். எனக்கு இந்தப் பெயர்தான் பிடித்திருக்கிறது, வாயில் போட்டால் கரைகிறது.

பையனின் கேள்வி செல்வாவைத் தூங்க விடவில்லை. உயரமான மலைக்கு ஏன் யாரும் போவதில்லை என்று அவனே நேரில் பார்க்க வேண்டுமாம். எனக்கும் இந்தக் காலோடு வாகனத்தில் போகிற மலை என்பது பிடித்திருந்தது. பிதுருதலாகலை உச்சியில் ஒளிபரப்புக் கோபுரங்களும் இராணுவத் தொடர்பு நிலையமும் இருக்கின்றன, உயர் பாதுகாப்பு வலயம். நடந்து போக விடமாட்டார்கள். அடையாள அட்டையைக் காட்டிப் பதிந்துவிட்டு வாகனத்தில் போய் வரலாம். நாட்டின் ஆக உயர்ந்த உச்சிக்குக் கால் படாமல் போகலாம், அதைவிட நூற்றுக்கணக்கான மீற்றர் தாழ்வான உச்சிக்கு மட்டும் இரவிரவாக நடக்க வேண்டும்.

பெயரைப் பற்றி வான் ஓட்டுநரிடம் கேட்டோம். சிங்களத்தில் பிதுரு வைக்கோல், தலாவ வெளி, கல பாறை. வைக்கோல் வெளிப் பாறை. தெய்வமும் இல்லை, நபியும் இல்லை, மாட்டுத் தீன். அதை ஆங்கிலேயன் உச்சரிக்க மாட்டாமல் மவுண்ட் பெட்ரோ ஆக்கினான். பெட்ரோ என்று ஒருவரும் இங்கே இருந்ததில்லை. அந்தப் பெயரில் தேயிலைத் தோட்டம் வந்தது. அதைத் தமிழாட்கள் பீட்ரு ஆக்கினார்கள். பிதுருவில் தொடங்கிக் கப்பலேறித் திரும்பி வந்து மறுபடியும் ஏறத்தாழ பிதுருவிலேயே நிற்கிறது. ஓட்டுநர் தன் பங்குக்கு, "நாங்க டவர் மலன்னுதாங்க சொல்றது" என்றார்.

காவலரணில் என்னிடம் அட்டை கேட்டார்கள். பையில் இல்லை. காற்சட்டையில் இல்லை. நல்லதண்ணிப் பதிவேட்டுக்குள் இருந்தது.

போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவன் நான். அடையாள அட்டை இல்லாமல் சந்திக் கடைக்குப் பாண் வாங்கவும் போனதில்லை. வெளிக்கிடும்போது சட்டைப் பையைத் தொட்டுப் பார்ப்பது மூச்சு விடுவதுபோல. அதை ஒரு நாள் முழுக்க மறந்திருந்திருக்கிறேன் என்பதைக் காவலரணில் நின்றுதான் கண்டுகொண்டேன். அங்கே நின்ற சிப்பாய்க்கு என் மகன் வயது. கொச்சைத் தமிழில், "அண்ணா, இன்னொரு நாள் வாங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். இருந்தும் வானில் ஏறியபிறகுதான் வயிற்றுக்குள் முறுக்கு விட்டது.

கிரகரி வாவிக் கரையில் உட்கார்ந்து அந்த மலையைப் பார்த்தோம். காடு மூடிய நீண்ட முதுகு, மேலே கோபுர முட்கள். சொல்லாவிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டீர்கள். ஸ்ட்ரோபெரி ஒரு சின்னப் பெட்டி 600 ரூபா, புளிப்பு. அவித்த சோளம் 200, அது நல்லது. நல்லதண்ணிக்கு அழைத்தபோது பையன், "அண்ணே, நேத்தே கண்டுட்டேன், ஒங்க நம்பர்தான் இல்ல. நாளைக்கு மொத பஸ்ல அட்டனுக்கு அனுப்புறேன்" என்றான்.

பெப்ரவரி 24, திங்கள் – அட்டன் பஸ் நிலையம்

காலை வெயில். வந்த நாளிலிருந்து முதல் வெயில், போகிற நாளில். செல்வாவின் அம்மா பொதி கட்டிக் கொடுத்திருந்தார், ரொட்டி ஆறு. அவர் விடியவே நாலாம் நம்பர் மலைக்குப் போய்விட்டார்.

நல்லதண்ணி பஸ் வந்தது. நடத்துனர் மிதிபலகையில் நின்றுகொண்டு ஒரு பழுப்பு உறையை உயர்த்திக் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். முதலில் எனக்கு விளங்கவில்லை. செல்வாதான் முதுகில் தட்டினான். காசு நீட்டினேன், நடத்துனர் வாங்கவில்லை.

உறையின்மேல் பேனையால் பெரிதாக எழுதியிருந்தது: "கீரிமலை அண்ணனுக்கு". அதன் கீழே அடைப்புக்குறிக்குள், இன்னும் சின்னதாக: "உயரம் பார்த்துச் சொல்லவும்".